சுழலும் நிழல்: நளினி மலானியின் கண்காட்சிகள்

மும்பைத் தமிழர்களின் இந்த மலருக்கு, நம் நகரத்துக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். நளினி மலானியைப் பற்றி எழுதுவது எனக்குக் கடமை, அதைவிடப் பெருமை. 2023ஆம் ஆண்டு அவருக்குக் கியோட்டோ பரிசு கிடைத்ததை நாளிதழ்கள் எழுதிவிட்டன. அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கண்காட்சிகளை அமைத்த முறையைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன். அவருடைய பெரிய கண்காட்சிகள் ஓவியக் காட்சி என்பதைவிடக் கூத்து என்பதற்கே நெருக்கமானவை. கம்பனைக் கற்றவன் என்ற முறையில் இதைத் துணிந்து சொல்கிறேன்.

கூத்தோடு தொடங்கிய ஓவியம்

1946இல் கராச்சியில் பிறந்தவர். பிரிவினை அவர் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கும் பின்னர் பம்பாய்க்கும் கொண்டுவந்தது. 1964 முதல் 1969 வரை சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். அதே காலத்தில் புலாபாய் நினைவு நிலையத்தில் அவருக்கு ஒரு பணிக்கூடம் இருந்தது. ஓவியரும் இசைவாணரும் நாடகத்தாரும் ஒரே கூரையின் கீழ் உழைத்த இடம் அது. ஓவியம் சுவரில் தனித்துத் தொங்க வேண்டியதில்லை என்பதை மாணவப் பருவத்திலேயே அங்கு கண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

1969இல் அக்பர் பதம்சீ அமைத்த பட்டறையில் 'கனவு வீடுகள்' என்ற சிறு அசைபடத்தை எடுத்தார். புதிய இந்தியாவில் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் என்ற நேருகால நம்பிக்கை அதன் வண்ணங்களில் இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, 1976இல், நகரத்துக் குடியிருப்புகளைப் பார்த்து நிற்கும் பெண் ஒருத்தியின் கறுப்பு வெள்ளைப் படத்தை அதன் அருகில் வைத்து, இரண்டுக்கும் சேர்த்து 'உடோபியா' என்று பெயரிட்டார். நம்பிக்கையும் அது பொய்த்த விதமும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் ஓடும். இந்நகரத்தில் ஓர் அறைக்காக வாழ்நாள் முழுதும் உழைத்த நம்மவர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டுமா?

இடையில் பாரிசில் இரண்டாண்டுகள் படித்தார். 1980களின் இறுதியில் அர்ப்பிதா சிங், நீலிமா ஷேக், மாத்வி பாரேக் ஆகியோருடன் இணைந்து, பெண்கள் மட்டுமே பங்கேற்ற கண்காட்சியைப் பல ஊர்களுக்குக் கொண்டு சென்றார்.

அழிப்பதற்காக வரைந்தது

மின்சாதனக் கடைகள் நெருங்கிய லோஹார் சால் பகுதியில்தான் அவருடைய பணிக்கூடம் இருந்தது. அந்தச் சந்தின் சுமைகூலிகளையும் நடைபாதைவாசிகளையும் ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து, பார்ப்பவர் இடையில் நடந்து செல்லும்படி 1991இல் தொங்கவிட்டார். மறு ஆண்டு கெமோல்ட் காட்சிக்கூடத்தில் 'ஆசைகளின் நகரம்'. சுவர்களிலேயே நேரடியாக வரைந்து, கண்காட்சி முடிந்ததும் அனைத்தையும் அழித்துவிட்டார். ராஜஸ்தானத்து நாதத்வாராவின் பழைய சுவரோவியங்கள் கவனிப்பாரின்றிச் சிதைவதைக் கண்ட துயரமே அதற்குத் தூண்டுதல். விற்க ஒன்றும் மிஞ்சாத ஒரு கண்காட்சியை அந்நாளில் நடத்துவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! விடியலில் இட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு மறைவதை இழப்பு என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை; அந்த மனம் அவரிடம் இருந்தது.

அதே 1992 டிசம்பரில் இந்நகரம் கலவரத்தில் எரிந்தது. அதை இம்மலரில் நான் விரிக்க வேண்டாம். நம் தாராவி கண்டது போதும். 1993இல் நடிகை அலக்நந்தா சமர்த்துடன் இணைந்து கிரேக்கத் தொன்மத்து நாயகி மெடியாவைப் பற்றிய ஹெய்னர் முல்லரின் நாடகத்தை ஓவியமும் நடிப்பும் கலந்த நிகழ்த்தலாக்கினார். அன்றிலிருந்து காப்பியப் பெண்கள் அவரைவிட்டு நீங்கவில்லை.

பாவையும் விளக்கும்

மலானியின் நிழற்கூத்து என்று உலகம் அழைக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒளி ஊடுருவும் உருளைகளின் உட்புறத்தில் உருவங்களை வரைகிறார். உருளைகள் மெல்லச் சுழலும். ஒளி அவற்றினூடே பாய்ந்து, உருவங்களின் நிழல்கள் அறையின் நான்கு சுவர்களிலும் நகரும். நடுவில் நிற்கும் நம் நிழலும் அவற்றோடு கலந்துவிடும்.

பின்புறமிருந்து வரையும் இந்த நுட்பத்தை ஓவியர் பூபேன் கக்கரிடம் கற்றார். நம் தஞ்சைக் கண்ணாடி ஓவியர்கள் கையாண்ட நுட்பமும் இதுவே. கண்ணின் ஒளிப்புள்ளியையும் அணிகலன் கோடுகளையும் முதலில் இட்டு, முகத்தின் நிறத்தைப் பிறகு பூசி, பின்னணியைக் கடைசியில் நிரப்ப வேண்டும். முதலில் இட்ட கோட்டைப் பிறகு திருத்த இயலாது.

நிழலால் கதை சொல்வதோ நம் பழைய வழிபாடு. பாலக்காட்டுப் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில் கூத்துமாடம் என்றே தனிக் கட்டடம் உண்டு. வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் எரிய, தோற்பாவைகளின் நிழல் திரையில் ஆட, புலவர் எனப்படும் கலைஞர்கள் கம்பனின் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்வார்கள். மலையாள மண்ணில், நள்ளிரவில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கம்பன்! தாருகன் என்னும் அசுரனோடு போரிட்டதால் இராம இராவண யுத்தத்தைக் காணமுடியாத அன்னைக்காக அதை மீண்டும் நிகழ்த்திக் காட்டுகிறார்கள் என்பது ஐதிகம். மனிதர் ஒருவரும் இல்லாத இரவிலும் கூத்து நடக்கும், பார்ப்பவள் அம்மை. வள்ளுவரும் 1020ஆம் குறளில், நாணற்றவரின் நடமாட்டத்துக்குக் கயிற்றால் இயங்கும் மரப்பாவையையே சான்று காட்டினார். பாவையாட்டம் அன்றே மக்களுக்கு எவ்வளவு பழகியிருந்தால் அதை உவமையாக்கியிருப்பார்!

மலானி சீதையை மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார். 'சீதை/மெடியா' என்று இரு நாட்டு நாயகியரை ஒரே ஓவியத்தில் இணைத்ததும் உண்டு. அது நாம் பட்டாபிஷேகப் படத்தில் வைத்துத் தொழும் பிராட்டியின் உருவம் அன்று. மண்ணிலிருந்து வந்து, மண்ணைவிட்டுப் பெயர்க்கப்பட்டு, மண்ணுக்கே திரும்பியவளின் துயரம் அது. கம்பனை ஓதுவோருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. இராவணன் சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றான் என்று மாற்றிப் பாடியவன் கம்பன். தீயிடைப் புகுந்தவளின் கற்பு தீக்கடவுளையே சுட்டது என்றும் பாடினான். ஒவ்வொரு காலத்துக் கவியும் பிராட்டியின் துன்பத்தைத் தன் காலத்துக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். மலானி தூரிகையால் பார்த்தார்.

அருங்காட்சியகத்தில் தகரப்பெட்டிகள்

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததன் எதிரொலி 'தோபா தேக் சிங்கை நினைத்து'. 'தோபா தேக் சிங்' என்பது எழுத்தாளர் மண்டோவின் புகழ்பெற்ற பிரிவினைக் கதையின் பெயர். 12 தகரப்பெட்டிகளுக்குள் தொலைக்காட்சித் திரைகள். சுவர்களில் பெரிய காணொளிகள். எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கும் இரண்டு பெண்கள் ஒரே சேலையை மடிக்க முயன்று முடியாமல் தவிக்கிறார்கள். 1999இல் இதை அவர் வைத்தது நம் நகரின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில். காட்சிக்கூடங்களின் படி ஏறாத குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் வந்துபோகும் இடம். பொதுமக்களை நாடி இந்த வகைக் கலையை அழைத்து வந்த அந்த ஒரு செயலுக்காகவே அவரை வணங்கலாம்.

2002 குஜராத் கலவரத்துக்குப் பின், இரவி வர்மாவின் இசைவாணியர் குழு ஓவியத்தை எடுத்துக்கொண்டு 'வேற்றுமையில் ஒற்றுமை' என்ற காணொளி நிறுவலை அமைத்தார். நம் வீட்டு நடுக்கூடம் போன்ற சிவப்பு அறை. சுவரில் பல பிராந்தியப் பெண்கள் வாசித்துக்கொண்டிருக்கும் படம். அந்த அழகின் மீது குருதி படர்கிறது.

பிறகு உலக மேடைகள். 2005, 2007 ஆண்டுகளில் வெனிஸ். 2012இல் ஜெர்மனியின் காசெல் நகர டாக்குமென்டாவில், ஐந்து சுழலும் உருளைகளும் ஆறு காணொளிகளும் சேர்ந்த 'மறைந்த குருதியைத் தேடி'. தலைப்பு உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதையிலிருந்து வந்தது, உள்ளே ஒலிக்கும் குரல்களில் மகாசுவேதா தேவியின் சிறுகதை நாயகி திரௌபதியும் ஒருத்தி. 2014இல் தில்லி கிரண் நாடார் அருங்காட்சியகத்தில் மூன்று பகுதிகளாகப் பின்னோக்குக் காட்சி. 2017இல் பாரிசின் பாம்பிடூ மையம். 2023இல் இலண்டன் தேசிய ஓவியக்கூடம். 2020இல் இலண்டன் ஒயிட்சேப்பலில் காட்டிய 'என் குரல் கேட்கிறதா?' மட்டும் தனித்துச் சொல்லத்தக்கது. ஜம்மு காஷ்மீரில் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட எட்டு வயதுச் சிறுமியை நினைத்து, ஐபேடில் விரலால் வரைந்த 88 அசைபடங்கள் ஒன்பது ஒளிக்கற்றைகளாகச் சுவர்களை மூடின. எழுபதைக் கடந்த பிறகு ஒரு புதிய கருவியைக் கையிலெடுத்து வரைந்தவை அவை.

மலர்க்குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்கம் ஆண்டுதோறும் கம்பன் விழா எடுக்கிறது. அடுத்த விழாவுக்குப் பட்டிமன்றம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, பாலக்காட்டுப் புலவர் குழு ஒன்றை அழைத்து ஓரிரவேனும் தோற்பாவைக் கூத்து நடத்துங்கள். மாதுங்காவிலும் தாராவியிலும் உள்ள நம் பிள்ளைகளைத் திரைக்குப் பின்புறம் அழைத்துச் சென்று, விளக்கையும் பாவையையும் அவர்கள் கையாலேயே தொடவிடுங்கள். மறுவாரம் அதே பிள்ளைகளை ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்களின் பேருந்துக் கட்டணத்தை நான் ஏற்கிறேன்.