சார்ல்ஸ்டன் ஓபன்

சார்ல்ஸ்டன் ஓபன், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் மகளிர் தொழில்முறை டென்னிஸ் போட்டித்தொடர். மயாமி போட்டி முடிந்த கையோடு, ஏப்ரல் மாதத்தை ஒட்டி, பச்சை நிறக் களிமண் தரையில் ஆடப்படுகிறது. மகளிர் டென்னிஸ் சங்கத்தின் 500 தரநிலையைச் சேர்ந்தது. 1973-இல் தொடங்கியபோது இதன் பெயர் ஃபேமிலி சர்க்கிள் கோப்பை. 2015 வரை அந்தப் பெயரே நீடித்தது.

பெண்கள் டென்னிஸ் ஆடிப் பிழைக்க முடியுமா என்பதே போட்டி தொடங்கிய காலத்தில் விவாதமாக இருந்தது. 1970-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் ஆடவர் வெற்றியாளருக்கு 12,500 டாலரும் மகளிர் வெற்றியாளருக்கு 1,500 டாலரும் அறிவிக்கப்பட்டன. பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது பேர் இதை எதிர்த்து, டென்னிஸ் இதழ் நடத்திவந்த கிளாடிஸ் ஹெல்ட்மனுடன் பெயரளவில் ஒரு டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஹியூஸ்டன் நகரில் தனிப் போட்டியில் இறங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த மகளிர் சுற்றுக்குப் பணம் கொடுத்தது வெர்ஜீனியா ஸ்லிம்ஸ் சிகரெட்டை விற்ற நிறுவனம். விளையாட்டுக்கும் புகையிலைக்கும் பொருத்தமில்லைதான். ஆனால் அந்த நாளில் வேறு யாரும் அவ்வளவு பெரிதாக முன்வரவில்லை.

இந்தச் சூழலில் ஃபேமிலி சர்க்கிள் வந்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடும் இடத்தருகே வைத்து விற்கப்பட்ட பெண்கள் இதழ் அது. சமையல் குறிப்பு, தையல், பிள்ளை வளர்ப்பு ஆகியவையே அதன் சரக்கு. அந்த இதழ் 1973-இல் ஹில்டன் ஹெட் தீவின் சீ பைன்ஸ் விடுதி வளாகத்தில் மொத்தம் 1,00,000 டாலர் பரிசுத்தொகையுடன் போட்டியைத் தொடங்கியது. அந்த நாளில் மகளிர் டென்னிஸில் அது மிகப் பெரிய தொகை. இறுதி ஆட்டத்தில் ரோஸி கசால்ஸ் முதல் செட்டை 3-6 என இழந்தும், அடுத்த இரண்டையும் 6-1, 7-5 என வென்று நான்சி ரிச்சியை வீழ்த்தினார். பரிசு 30,000 டாலர். எதிரெதிரே நின்ற இருவருமே ஹியூஸ்டனில் ஒரு டாலருக்குக் கையெழுத்திட்ட ஒன்பது பேரில் அடங்குவர். என்பிசி தொலைக்காட்சி இந்தப் போட்டியை நாடு முழுவதும் ஒளிபரப்பியது. அடுத்த சில வாரங்களில் லண்டனில் மகளிர் டென்னிஸ் சங்கம் உருவானது.

1975, 1976 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் போட்டி ஃபுளோரிடாவின் அமேலியா தீவுக்குப் போய்விட்டு ஹில்டன் ஹெட்டுக்கே திரும்பியது.

ஐரோப்பிய செம்மண் களங்கள் செங்கல்லை இடித்த தூளால் ஆனவை. சார்ல்ஸ்டனின் தரைக்கு ‘ஹார்-ட்ரூ’ என்று பெயர். எரிமலைப் பாறை வகையொன்றைப் பொடித்துப் பரப்புவதால் சாம்பல் கலந்த பச்சை நிறம் வருகிறது. தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, அகலத் துடைப்பத்தால் இழுத்துச் சமப்படுத்தி வைப்பார்கள். கால் சறுக்கி ஆடும் வழக்கம் செம்மண்ணைப் போலவே இங்கும் உண்டு. ஆனால் பந்து சற்று வேகமாக வரும். அதனால் கடினத் தரையில் பழகிய அமெரிக்க வீராங்கனைகளுக்கு இது ஓரளவு தோதானது. 1975 முதல் 1977 வரை அமெரிக்க ஓபனும் இதே தரையில்தான் நடந்தது.

இந்தத் தரையில் கிறிஸ் எவர்ட்டுக்கு இணை இல்லை. 1974 முதல் 1978 வரை தொடர்ந்து ஐந்து முறை, பிறகு 1981, 1984, 1985 என மொத்தம் எட்டு முறை கோப்பையை வென்றார். களிமண் தரையில் அவர் தொடர்ச்சியாக 125 ஆட்டங்களை வென்றதும் இந்தக் காலத்தில்தான். மார்ட்டினா நவ்ரதிலோவாவும் ஸ்டெஃபி கிராஃபும் தலா நான்கு முறை வென்றார்கள். 1986 இறுதி ஆட்டத்தில் எவர்ட்டைத் தோற்கடித்து, பதினாறு வயது கிராஃப் தம் முதல் தொழில்முறைப் பட்டத்தைப் பெற்றார்.

சின்ன வயதுப் பெண்கள் திடீரென்று மேலெழும் இடமாகவும் ஹில்டன் ஹெட் பேர் பெற்றது. 1985-இல் இறுதி ஆட்டம் வரை வந்து எவர்ட்டிடம் தோற்ற கபிரியேலா சபாட்டினிக்கும், 1990-இல் நவ்ரதிலோவாவிடம் தோற்ற ஜெனிஃபர் கப்ரியாத்திக்கும் வயது 14. சபாட்டினி 1991, 1992 ஆண்டுகளில் வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார். கப்ரியாத்தி பதினொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் அவர் ஆட்டத்தை விட்டே விலகி, மீண்டும் வந்தவர்.

ஹில்டன் ஹெட்டின் கடைசிப் பட்டம் 2000-இல் மேரி பியர்ஸுக்குப் போனது. மறு ஆண்டு போட்டி சார்ல்ஸ்டன் நகரின் டேனியல் தீவில் கட்டப்பட்ட புதிய டென்னிஸ் மையத்துக்கு இடம் மாறியது. அங்கே முதல் பட்டம் வென்றவர் கப்ரியாத்தி. இறுதியில் தோற்றவர் மார்ட்டினா ஹிங்கிஸ். அங்குள்ள களங்களில் ஒன்றுக்குத் தென் கரோலினாவில் பிறந்த அல்தியா கிப்சனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. விம்பிள்டன் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். வீனஸ் வில்லியம்ஸ் 2004-இலும், அவருடைய தங்கை செரினா 2008, 2012, 2013 ஆண்டுகளிலும் இங்கே வென்றார்கள்.

இந்தியாவுக்கு இந்தப் போட்டி நினைவிருப்பது இரட்டையர் பிரிவால். 2015 ஏப்ரலில் ஹிங்கிஸுடன் இணைந்து இங்கே பட்டம் வென்ற சானியா மிர்சா, இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அந்த இடத்தை எட்டிய முதல் இந்தியப் பெண் அவரே.

அதே ஆண்டோடு ஃபேமிலி சர்க்கிளின் ஆதரவும் முடிந்தது. விளையாட்டு உலகில் ஒரே நிறுவனம் 43 போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது அரிது. இதழே 2019-இல் நின்றுபோனது. 2016 முதல் வோல்வோ நிறுவனத்தின் பெயரிலும், 2022 முதல் கிரெடிட் ஒன் வங்கியின் பெயரிலும் போட்டி நடக்கிறது. 2020-இல் கொரோனாவால் ரத்தானது. அரங்கம் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் ஒன்ஸ் ஜபூரை பெலிண்டா பென்சிச் வென்றார். மறு ஆண்டு அதே இருவர் மோத, ஜபூர் பதிலடி கொடுத்தார். 2024-இல் டேனியல் காலின்ஸும் 2025-இல் ஜெசிகா பெகுலாவும் வென்றார்கள். ஆடவர் 500 தரநிலைப் போட்டிகளுக்கு நிகரான பரிசுத்தொகையை 2026 முதல் வழங்கப்போவதாக நிர்வாகம் 2025-இல் அறிவித்தது.