மூன்று பைகளும் ஓர் ஊசியும்: மாத்தளையின் ஒட்டுத்துணி வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டக் குடியிருப்புகளின் நிலைமை குறித்துச் செய்திக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காக மாத்தளை மாவட்டத்தின் றத்தொட்டைப் பக்கம் சென்றிருந்தேன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த தோட்டம் அது. மழை பிடித்துக்கொண்டதால் ஒரு லயக் காம்பிராவில் ஒதுங்க நேர்ந்தது. அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

சுவரில் வரிசையாக மூன்று பைகள் தொங்கின. மூன்றிலும் பாதியில் நின்ற தையல் வேலைகள். முதலாவது பையில், பேறுகாலத்தை எதிர்பார்த்திருந்த பேத்திக்காகப் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு. இரண்டாவதில், நகரத்துக் கடையொன்று தைக்கக் கொடுத்திருந்த தலையணை உறைகள். மூன்றாவதில், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கான திரைச்சீலை. சிவப்புத் துணிமேல் மஞ்சள் துணியில் வெட்டிய மயிலொன்று பாதி ஒட்டிய நிலையில் இருந்தது.

"மூன்றையும் ஒரே காலத்தில் எப்படி அம்மா செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணையே புடிச்சிக்கிட்டு இருந்தா அலுத்துப் போகும் தம்பி. காலையில வெளிச்சத்துக்குக் கடை வேலை. பேரப்பிள்ளைங்க தூங்குனதும் விரிப்பு. வெள்ளிக்கிழமை குளிச்சிட்டு ஆத்தாளோட வேலை" என்றார்.

கட்டுரை வெளிவந்தது. கூரையின் ஒழுக்கைப் பற்றியும் கழிவறைகளின் எண்ணிக்கையைப் பற்றியும் எழுதியிருந்தேன். அந்த மூன்று பைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அவை செய்தியல்ல என்று அன்று எண்ணினேன். அது தவறு என்பதை உணர்ந்தே இன்று இதனை எழுதுகிறேன். ஏனெனில் அந்தப் பைகள் ஒவ்வொன்றிலும் மாத்தளையின் ஒவ்வொரு வரலாறு இருந்தது.

முதலாவது பையிலிருந்து தொடங்குவோம்.

கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து நடந்து வந்து சேர்ந்த இடம் மாத்தளை. மலையகத்தின் வாசல் என்றே இதனைச் சொல்லலாம். அந்தப் பாதையில் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் ஏராளம். மாத்தளைக்கு இரயில் வந்தது 1880இல்தான். அதற்குள் கோப்பியை நோய் தின்னத் தொடங்கியிருந்தது. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்தியது. பின்னர் தேயிலை வந்தது.

வெப்பமான சமவெளியிலிருந்து குளிர்ந்த மலைக்கு வந்தவர்களுக்குத் தோட்டம் கொடுத்த ஆடை ஒரு கம்பளி. ஆங்கிலத் துரைமாரின் எழுத்துகளிலும் அச்சொல் அப்படியே இடம்பெற்றது. பகலில் மழைக்குத் தலைமேல் போட்டுக்கொள்வதும் இரவில் போர்த்திக்கொள்வதும் அதுவேதான். ஆயின் அது இலவசமன்று. அரிசியைப் போலவே கம்பளியின் விலையும் கணக்கில் ஏற்றப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. கடன் அங்கேயே தொடங்கியது.

அந்தக் கடனைப் பதிந்த சீட்டுக்கு மலையகத்தில் வழங்கிய பெயர் 'துண்டு'. தொழிலாளி செலுத்த வேண்டிய கடன் இவ்வளவு, அதனைக் கொடுக்கும் தோட்டம் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். கடனோடு சேர்த்து மனிதரும் கைமாறினர். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தாளில் எழுதிய துண்டு ஆண்களையும் பெண்களையும் தோட்டத்தோடு கட்டிப்போட்டிருந்த அதே காலத்தில், பெண்கள் வேறொரு வகைத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கிழிந்த சேலை, வேட்டியின் நல்ல பகுதி, மாவு வந்த பையின் துணி ஆகியவற்றை அடுக்கி, நெருக்கமாக நேர்த்தையல் ஓட்டினால் ஒரு விரிப்பு. கம்பளி குழந்தையின் தோலை அறுக்கும், பழஞ்சேலை அறுக்காது. பிறந்த பிள்ளையைக் கிடத்துவதற்கு அதனினும் மெத்தென்ற துணி வேறில்லை. கடனில்லாமல் அந்தக் குடும்பத்துக்கு வாய்த்த போர்வையும் அதுதான்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் பாதிப் பாதியாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் உறவினர்கள் தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்டபோது பாத்திரங்களை மூட்டை கட்டியது இத்தகைய விரிப்புகளில்தான் என்பது என் சிறுபராய நினைவு. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. குளிரிலிருந்து குளிருக்கே போன அந்தக் குடும்பங்களோடு அந்த விரிப்புகளும் போயிருக்கும்.

இனி இரண்டாவது பை.

மாத்தளை நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில் அளுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பாளித் திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் என்பது மரபு. அங்குள்ள பிக்குகள் அணியும் காவியாடையும் ஓர் ஒட்டுத்துணிதான் என்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். மகத நாட்டு வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் காட்டி, அவ்வாறே துண்டுகளாக வெட்டி இணைக்குமாறு புத்தர் ஆனந்தரிடம் கூறியதாகப் பௌத்த விநய நூல் சொல்கிறது. வெட்டிய துணிக்குச் சந்தை மதிப்பில்லை, திருடனும் விரும்பமாட்டான். மாரிக்கால முடிவில் வழங்கப்படும் கடின சீவரத்தை வெட்டி, தைத்து, சாயமிட்டு ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பல கைகள் சேர்ந்தால்தான் அது இயலும்.

அதே அளுவிகாரைக் கிராமத்தில் பிறப்பால் வேர்கொண்டவர் எனா டி சில்வா (1922-2015). இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபர் சேர் றிச்சர்ட் அளுவிகாரையின் மகள். 1960களில் மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லக்கி சேனாநாயக்க ஆகியோருடன் இணைந்து இலங்கையின் பத்திக் கலைக்குப் புத்துயிர் கொடுத்தவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் பத்திக் கூரையும், 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றக் கட்டடத்தின் பதாகைகளும் அவருடைய பெயரைச் சொல்பவை. 1980களில் கிராமத்துக்குத் திரும்பிய அவர், அங்கிருந்த மரபுரிமை மையத்தின் ஊடாகத் தையல், பத்திக், மரவேலை, பித்தளை வேலை ஆகியவற்றை வளர்த்தார். கிராமத்துப் பெண்களின் ஊசிக்கு வருமானமும் மதிப்பும் உண்டு என்று மாத்தளை கண்டுகொண்டதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

பாவா அவருக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேசில் கட்டிய வீடு, பின்னாளில் கல் கல்லாகக் கழற்றப்பட்டு லுணுகங்கையில் மீண்டும் பொருத்தப்பட்டது. மதிப்பு உணரப்பட்ட பொருளை மனிதர் எவ்வளவு சிரமப்பட்டும் காப்பாற்றுவார்கள் என்பதற்கு அது சான்று.

மூன்றாவது பைக்கு வருவோம். துணிமேல் துணியை வெட்டி ஒட்டித் தைக்கும் கலை தஞ்சைத் தரணியில் கோயில்களைச் சார்ந்து வளர்ந்தது. தேரில் தொங்கும் தொம்பைகளும் திரைச்சீலைகளும் அப்படித்தான் உருவாகின்றன. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசி மகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் பவனி வரும்போது, அவற்றின் துணி அலங்காரத்தில் அந்த மரபு காற்றிலாடுவதைக் காணலாம். 1983 ஜூலை வன்செயலில் மாத்தளைத் தமிழர்கள் கடும் இழப்புக்குள்ளாயினர். ஆலயமும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. பின்னர் ஆலயம் எழுந்தது. 108 அடி இராஜகோபுரமும் எழுந்தது. தேர்களும் மீண்டும் ஓடின. கருகிய துணிகள் மட்டும் திரும்பவில்லை. அவற்றின் இடத்தில் புதியவை தைக்கப்பட்டன.

உலகில் இத்தகைய துணிகளுக்கு நேர்ந்த கதியையும் பார்க்கலாம். வங்காளப் பெண்கள் பழஞ்சேலையில் தைத்த 'காந்தா' இன்று அருங்காட்சியகப் பொருள். நம் 'கந்தை'யும் அந்தச் சொல்லின் உறவே. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த கர்நாடகத்துச் சித்திப் பெண்கள், ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் முடிக்கும் 'கவந்தி' விரிப்பு வெளிநாடுகள்வரை சென்றிருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், உழைத்து நைந்த உடைகளைத் தைத்து உருவாக்கிய போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயோர்க்கிலும் கலைக்கூடச் சுவர்களில் தொங்கின. 2006இல் அவை அமெரிக்காவின் அஞ்சல் தலைகளாயின. அவற்றைத் தைத்த பெண்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

மலையகத்து விரிப்பின் கதியோ வேறு. அதனைத் தைத்தவர்களே அதனை வறுமையின் அடையாளமாகக் கருதி மறைத்தார்கள். இதில் எனக்கும் பங்குண்டு. என் தாயார் தைத்த விரிப்பொன்று எங்கள் வீட்டில் இருந்தது. நீலமும் பழுப்புமாக, ஓரத்தில் என் பாட்டியின் சேலைக் கரை. பத்திரிகை வேலை கிடைத்துக் கொழும்பில் குடியேறிய காலத்தில் அதனைக் கொண்டுவந்து, மோட்டார் சைக்கிள் துடைக்கப் பயன்படுத்தினேன். ஒருநாள் அதனைக் குப்பையோடு போட்டேன். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொல்லி வளர்த்தவருக்கு, படித்த மகன் அதனைக் கந்தையாகவே கண்டான் என்பது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

வேலைநிறுத்தங்களை எழுதினோம், சம்பளப் பேச்சுவார்த்தைகளை எழுதினோம், ஒப்பந்தங்களின் எண்களை எழுதினோம். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆனால், கடன் சீட்டின் 'துண்டு' ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க, பெண்கள் இணைத்த துண்டுகள் அடுப்பங்கரைத் துணியாகி அழிந்தன. வரலாற்றாசிரியருக்குக் கிடைப்பது துரையின் கணக்கேடுதான்.

அன்று மழை விட்டுப் புறப்பட்டபோது, "அடுத்த மொற வந்தா விரிப்பு முடிஞ்சிருக்கும், பாருங்க தம்பி" என்றார் அந்த அம்மா. நான் திரும்பிச் செல்லவில்லை.

அன்பர்களே, நீலகிரியிலோ, இலண்டனிலோ, தொரொன்ரோவிலோ உங்கள் வீட்டு அலுமாரியின் அடியில் அத்தகைய பழந்துணி ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். தைத்தவர் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி அதன் மூலையில் தைத்து வையுங்கள். அந்தத் துண்டு கடனுக்கானதல்ல.