தென்னைக் கருந்தலைப்புழு

தென்னை, பனை ஓலைகளைத் தின்று வாழும் தென்னைக் கருந்தலைப்புழு, சிறிய சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்றின் புழுப்பருவம். இதன் அறிவியல் பெயர் ஒபிசினா அரெனோசெல்லா. பிரான்சிஸ் வாக்கர் 1864இல் இதை விவரித்தார். பழைய வேளாண் நூல்களில் நெபாண்டிஸ் செரினோப்பா என்ற பெயரில் இருப்பதும் இதே பூச்சிதான். தாளிப்பனை, ஈச்சை ஆகியவற்றையும் இது விடுவதில்லை.

தாய்ப்பூச்சி முதிர்ந்த ஓலையின் அடிப்புறத்தில் முட்டையிடும். ஐந்தாறு நாளில் வெளிவரும் புழுவுக்குப் பச்சை உடல், அதில் பழுப்புக் கோடுகள், கருத்த தலை. நூலையும் தன் எச்சத்தையும் சேர்த்து ஓலையோடு ஒட்டிய குழல் போன்ற கூட்டைக் கட்டி, அதற்குள்ளிருந்தபடியே ஏறக்குறைய 40 நாள் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். கூட்டுப்புழுப் பருவம் கழிவதும் அங்கேயே.

தாக்குதல் மிகுவது தை முதல் வைகாசி வரையுள்ள வறண்ட மாதங்களில். சிவகங்கைச் சீமை போன்ற மழை குறைந்த பகுதியில் இதுவே பெரிய சிக்கல். சிங்கம்புணரி, திருப்புவனம் தோப்புகளில் அடிமட்டைகள் தீய்ந்தாற்போல் நின்றால், தண்ணீர் போதவில்லை என்றே எவருக்கும் தோன்றும். கீற்றைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: வறட்சியில் காய்ந்த ஓலையில் நூற்கூடு இருக்காது. கடுமையாகத் தாக்கப்பட்ட மரத்தில் காய்ப்பு அடுத்த ஆண்டிலும் குறையும். புழு நாடுவது பெரும்பாலும் முற்றிய ஓலையைத்தான்.

மிகவும் பாதிக்கப்பட்ட மட்டைகளை வெட்டி எரிப்பது முதல் வேலை. ஆனால் இப்புழுவை உண்மையில் அடக்குபவை ஒட்டுண்ணிக் குளவிகளே. மருந்தை அவசரப்பட்டுத் தெளித்தால் அவையும் சேர்ந்து மடியும். பிராக்கான் பிரெவிகார்னிஸ், கோனியோசஸ் நெபாண்டிடிஸ் ஆகிய இரண்டும் முக்கியமானவை. கோனியோசஸ் தாய்க்குளவி, புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து அதன்மேல் முட்டையிடும்; குஞ்சுகள் வளரும்வரை அருகிலேயே காவல் இருக்கும். அரிசி அந்துப்பூச்சியின் புழுக்களைக் கொடுத்து இவற்றை ஆய்வகத்தில் பெருக்குகிறார்கள். 2008 வாக்கில் தாய்லாந்தின் தென்னைகளில் கருந்தலைப்புழு பரவிய பின், இலங்கையிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டதும் கோனியோசஸ்தான்.

குளவிகளைக் கொண்டைப் பகுதியில் விடக் கூடாது. அங்கே சிலந்திகளும் பிற கொன்றுண்ணிப் பூச்சிகளும் அவற்றைப் பிடித்துத் தின்றுவிடும். அதனால் மரத்தின் அடிப்பகுதியில் விடுகிறார்கள்.