ஆறு கிலோஹெர்ட்ஸ் சண்டை: ஹாம் ரேடியோவில் ஏ.எம். பிழைத்த கதை

ஒரு மனிதக் குரலை வானொலி அலையில் அனுப்ப எவ்வளவு இடம் வேண்டும்? மூன்று கிலோஹெர்ட்ஸா, ஆறா, பத்தா? சாதாரணக் கேள்விதான். ஆனால் அமெரிக்காவின் ஹாம் ரேடியோக்காரர்கள் இதை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட அறுபது வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்!

ஹாம் ரேடியோ என்பது அமெச்சூர் வானொலி. தேர்வு எழுதி உரிமம் வாங்கி, காசுக்காக இல்லாமல், ஆர்வத்துக்காக வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிறவர்கள் இவர்கள். அரசாங்கம் இவர்களுக்கென்று ஒதுக்கும் அதிர்வெண்கள் கொஞ்சம்தான். அதனால்தான் இடத் தகராறு.

முதலில் கொஞ்சம் கணக்கு

பிளஸ் டூ இயற்பியலில் வீச்சுப் பண்பேற்றம் என்று படித்தது நினைவிருக்கிறதா? அதுதான் ஏ.எம். பேச்சு புரிவதற்கு 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி போதும். அதை 3885 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் ஏற்றினால், அலையின் மேலே ஒரு பக்கப்பட்டை, கீழே ஒரு பக்கப்பட்டை உருவாகும். ஆக, சிக்னல் 3882 முதல் 3888 வரை பரவும். அகலம் 6 கிலோஹெர்ட்ஸ். குரல் இன்னும் இனிமையாக இருக்கட்டும் என்று 5000 ஹெர்ட்ஸ் வரை அனுப்பினால் அகலம் 10 ஆகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பக்கப்பட்டைகளிலும் இருப்பது ஒரே செய்தி. ஊர்தி அலையிலோ செய்தியே கிடையாது. ஊர்தி அலை 100 வாட் என்றால், முழுப் பண்பேற்றத்தில் பக்கப்பட்டைகளுக்குத் தலா 25 வாட். மொத்தம் 150 வாட் செலவழித்து, உண்மையில் தேவைப்படுவது 25 வாட்!

இதை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யின் ஜான் கார்சன் 1915லேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் வெட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றை மட்டும் அனுப்பினால் போதும். இதுதான் ஒற்றைப் பக்கப்பட்டை, சுருக்கமாக எஸ்.எஸ்.பி. 1927ல் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கிய வானொலித் தொலைபேசி இந்த முறையில்தான் வேலை செய்தது.

அப்படியானால் ஏன் உடனே மாறவில்லை?

ஏ.எம். எளிமையானது. கேட்பவருக்கு ஒரு டயோடு போதும், ஒலி வந்துவிடும். எஸ்.எஸ்.பி.யில் வெட்டியெறிந்த ஊர்தி அலையைக் கேட்பவரே தன் கருவியில் மறுபடி உருவாக்கிச் சேர்க்க வேண்டும். அது கொஞ்சம் பிசகினாலும் பேசுபவர் குரல் டொனால்ட் டக் வாத்தின் குரல் போல ஆகிவிடும். அந்தக் காலத்து ரிசீவர்கள் சூடேறும்போது அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இது பெரிய தொல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. ராணுவ உபரிக் கருவிகள் மலிவாகக் கிடைத்தன, ஹாம்கள் பெருகினார்கள். 75 மீட்டர் பேண்டில் 1950களில் பேச்சுக்குக் கிடைத்தது 3800 முதல் 4000 வரை, வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். ஆறு ஆறாக அடுக்கினால் 33 பேர்தான் உட்கார முடியும். அதற்கு மேல் வந்தவர்களின் ஊர்தி அலைகள் ஒன்றோடொன்று மோதி விசில் போலக் கூவும். இரவானால் பேண்ட் முழுக்க ஒரே கூச்சல்.

1947ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஸ்வால்ட் வில்லார்டும் மாணவர்களும் எஸ்.எஸ்.பி.யில் பேசிக் காட்டினார்கள். 1948 ஜனவரியில் ஹாம்களின் பத்திரிகையான கியூ.எஸ்.டி. அதைப் பெரிதாக வெளியிட்டது. பாதி இடம், வீணாகாத மின்சாரம், விசிலும் இல்லை. 1956ல் ஜெனரல் கர்டிஸ் லிமே தலைமையிலான அமெரிக்கக் குண்டுவீச்சு விமானப்படை காலின்ஸ் நிறுவனத்தின் எஸ்.எஸ்.பி. கருவிகளை விமானத்தில் வைத்துச் சோதித்தது. லிமேயே ஒரு ஹாம்! 1960களில் ஹாம்களில் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள்.

மாறாதவர்கள்

எல்லோரும் மாறவில்லை. ஏ.எம். டிரான்ஸ்மிட்டரை வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து கட்டலாம். எஸ்.எஸ்.பி.க்கு வேண்டிய ஃபில்டரும் நிலையான ஆஸிலேட்டரும் அப்படிச் சுலபமாகக் கைக்கு வருவதில்லை. பலர் கடையில் வாங்கிய பெட்டிக்குப் போனார்கள். கையால் கட்டிய கருவியில், நண்பனின் குரலை நண்பனின் குரலாகவே கேட்பது பழைய ஆட்களுக்குப் பெரிய விஷயம். புதியவர்களுக்கோ இவர்கள் ஒருவர் உட்காரும் இடத்தில் இரண்டு இடம் பிடிப்பவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததுதான் சிக்கல்.

1976ல் பெரிய ஆபத்து வந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., பெரும்பாலான ஹாம் பேண்டுகளில் 3.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலம் கூடாது என்று ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஏ.எம். என்ற பெயரைச் சொல்லித் தடை செய்யவில்லை. ஆனால் ஆறு எப்படி மூன்றரைக்குள் நுழையும்? எதிர்ப்புக் கிளம்பியது, திட்டம் சட்டமாகவில்லை.

அடுத்த அடி மின்திறனில் விழுந்தது. ஹாம்களுக்கான உச்சத் திறன் 1500 வாட் என்று நிர்ணயிக்கப்பட்டபோது ஏ.எம்.முக்குத் தரப்பட்டிருந்த தற்காலிகச் சலுகை 1990 ஜூனில் முடிந்தது. முழுப் பண்பேற்றத்தில் வீச்சு இரண்டு மடங்காகும், அதாவது உச்சத் திறன் நான்கு மடங்காகும். ஆக, ஊர்தி அலைக்கு 375 வாட்தான் மிச்சம்.

பிறகு ஒரு திருப்பம். ஹைஃபை மோகத்தில் சில எஸ்.எஸ்.பி.காரர்களே தங்கள் குரலை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். சிலருடைய சிக்னல் ஏ.எம். அளவுக்கே விரிந்தது! எஸ்.எஸ்.பி.க்கு 2.8, ஏ.எம்.முக்கு 5.6 என்று வரம்பு வையுங்கள் என்று ஒரு மனு போனது. 2004ல் எஃப்.சி.சி. அதை நிராகரித்தது. 2005ல் ஹாம்களின் தேசிய அமைப்பான ஏ.ஆர்.ஆர்.எல். பேண்டுகளை அகலத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று மனுப் போட்டது. அதில் ஏ.எம்.முக்கு 9 கிலோஹெர்ட்ஸ் என்று தனி விலக்கே இருந்தது. 1976ல் வெளியேற்றப் பார்க்கப்பட்டவர்களுக்கு இப்போது தனி இடம்! ஆனால் அந்த மனுவும் 2007ல் திரும்பப் பெறப்பட்டது.

இன்று?

60 மீட்டர் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க விதியில் ஏ.எம். பேச்சுக்கு இன்றும் இத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று எண் கிடையாது. அனுப்பும் செய்திக்குத் தேவையானதைவிட அதிக இடம் எடுக்கக் கூடாது, நல்ல அமெச்சூர் நடைமுறைப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. ஏ.எம். ரசிகர்களும் 3885, 7290 கிலோஹெர்ட்ஸ் போன்ற சில இடங்களில் தாங்களாகவே ஒன்றுகூடிப் பேசுகிறார்கள். அங்கே எஸ்.எஸ்.பி.யில் பேசக் கூடாது என்று சட்டமில்லை. ஆனாலும் விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் தள்ளியே உட்காருகிறார்கள். பேண்ட் நெரிசலாக இருந்தால் ஏ.எம்.காரரும் தன் ஒலியைக் குறைத்து, சிக்னலைச் சுருக்கிக்கொள்கிறார். சண்டை முழுசாக ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணைச் சட்டத்தில் எழுதாமலேயே காலம் ஓடிக்கொண்டிருக்கிறது!