மூடிய சிப்பியின் மீது வைத்த பணயம்: மன்னார் முத்துச் சலாபம் பற்றிய ஒரு நோக்கு

பணயம் வைக்கும் பழக்கம் மனித நாகரிகத்தோடு உடன்வளர்ந்ததாகும். பாரதக் கதையின் தருமன் நாட்டையும் தம்பியரையும் சூதிற் பணயமாக வைத்தான். இன்றும் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் தடைதாண்டும் குதிரைகளின் ஓட்டத் திருவிழா நிகழ்கின்றது. அங்குப் பணம் கட்ட விழையும் புதியவன் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும். குதிரை முன்னர் ஓடிய ஓட்டங்கள் எத்தகையன என்பது முதலாவது. அக்குதிரைக்குக் கூறப்படும் பந்தய வீதம் அதன் தகுதிக்குப் பொருந்துமா என்பது இரண்டாவது. எக்குதிரை வென்றாலும் இழவாத வகையிற் பணத்தைப் பெற்று வைத்திருப்பவர் யார் என்பது மூன்றாவது. முதலிரண்டையும் கற்போர் பலர். மூன்றாவதைச் சிந்திப்போர் சிலர்.

அதே மார்ச்சு மாதத்தில், மன்னார்த் தீவுக்குத் தெற்கேயுள்ள அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலும் ஒரு காலத்தில் ஒரு பெரும் பந்தயத் திருவிழா நிகழ்ந்தது. அங்கே குதிரைகள் இல்லை. மூடிய சிப்பிகளே இருந்தன. முத்துக் குளிப்பினைச் ‘சலாபம்’ எனத் தமிழர் வழங்கினர். அச்சலாபத்தின் ஏலத்தை ஒரு பந்தயமாகக் கொண்டு, அதில் எவர் எதனைப் பணயமாக வைத்தனர், இழப்பு எவர் தலையில் விழுந்தது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்க் குடாவின் அடித்தளத்திற் சிப்பிகள் ஒட்டி வாழும் மேடுகளைப் ‘பார்’ என்பர். சேவல் பார், பெரிய பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் சில. சிப்பி முதிர்வதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு ஆண்டுகள் செல்லும். முன்னரே குளித்தால் முத்து சிறுத்திருக்கும். காலந்தாழ்த்தினால் சிப்பி மடிந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டமும் மணலும் இளஞ்சிப்பிகளை மூடி அழிப்பதுண்டு. திருக்கை முதலிய மீன்களும் அவற்றைத் தின்னும். இலங்கை அரசாங்கத்தின் வேண்டுகோளின்படி 1902இல் இக்கடலை ஆராய்ந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவர்தம் துணைவர் ஹோர்னலும் அவ்வாண்டின் தொடக்கத்திற் பெரிய பாரில் எண்ணிலடங்கா இளஞ்சிப்பிகளைக் கண்டனர். ஆண்டு முடியுமுன்னரே அவை மறைந்துபோயின. ஆதலாற் கடலே இப்பந்தயத்தின் முதலாவது சூதாடி எனலாம்.

குளிப்பு ஆண்டுதோறும் நிகழ்ந்ததன்று. 1837இன் பின்னர் 1854 வரையும், 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் குளிப்பே நடைபெறவில்லை. வெற்றுக் கரையாய் ஆண்டுக்கணக்கிற் கிடந்த மணல்வெளியில், நல்ல பார் கண்ட ஆண்டில் ஓலைக் குடிசைகளாலான ஒரு நகரமே சில வாரங்களுள் எழுந்தது. தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களிலிருந்து மட்டுமன்றிப் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளிப்போர் வந்தனர். செட்டிமாரும் முஸ்லிம் வணிகரும் பம்பாய் வியாபாரிகளும் பணப்பைகளோடு வந்து கூடினர். ஏப்பிரல் முடிவிற் காற்று மாறியதும் அந்நகரம் கலைந்தது.

இப்பந்தயத்தில் அரசு வகித்த இடத்தை வரலாற்று முறையில் நோக்குவது பயனுடையது. 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரும் குளிப்பின் வருவாயைத் தம் உரிமையாகக் கொண்டனர். குளிப்போன் காலிற் பூட்டி இறங்கும் கல்லைக் கணக்கிட்டு வரி பெறும் முறை ஒல்லாந்தர் காலத்தில் வழங்கிற்று. 1795இல் ஆங்கிலேயர் மன்னாரைப் பெற்றனர். அடுத்த மூன்றாண்டுகள் இடையீடின்றிக் குளிப்பு நடத்தப்பட்டது. 1798ஆம் ஆண்டின் வருவாய் மாத்திரம் ஒரு இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது. பேராசையின் பயனாய்ப் பார்கள் விரைவில் நலிந்தன. தேசாதிபதி நோர்த், குளிப்பை மேற்பார்வையிடுவதற்கென அரிப்பின் கடலோர மேட்டிற் கட்டுவித்த ‘டொரிக்’ மாளிகையின் சிதைவுகளை அலைகள் இன்றும் அரித்துக்கொண்டிருக்கின்றன.

அக்காலத்தில் அரசாங்கம் குளிப்பு முழுவதையும் ஒருவருக்கே குத்தகையாக விடுவதுண்டு. 1804ஆம் ஆண்டுக் குளிப்பினை யாழ்ப்பாணத்துக் கந்தப்பச் செட்டி என்பார் குத்தகையாகப் பெற்றார். முப்பது நாளைக்கு நூற்றைம்பது தோணிகளைக் கொண்டு குளிக்கும் உரிமைக்காக மூன்று இலட்சம் போர்ட்டோ நோவோ வராகன் செலுத்த அவர் உடன்பட்டாரென, அவ்வாண்டு அரிப்பிலிருந்த பாதிரியார் கோர்டினர் தம் நூலிற் பதிந்துள்ளார். சில தோணிகளின் உரிமையை அவர் பிறருக்கு விற்றார். பெரும்பாலானவற்றைத் தமக்கென வைத்துக்கொண்டார். பந்தய மொழியிற் கூறின், தம் பணயத்தின் ஒரு பகுதியைப் பிறர்மேல் ஏற்றித் தம் இழப்புக்கு எல்லை வகுத்துக்கொண்டார் எனலாம்.

பிற்காலத்திற் குத்தகை முறை நீங்கி, அரசாங்கமே குளிப்பை நடத்திச் சிப்பிகளை ஏலத்தில் விற்கும் முறை நிலைபெற்றது. புதிதாக வந்த வணிகனொருவன் அந்த ஏலத்திற் பின்வருமாறு கற்றுத் தேறவேண்டியிருந்தது.

குளிப்புக்கு முன்னர் அரசாங்கத்தின் பார் மேற்பார்வையாளர் கடலுக்குச் சென்று ஒவ்வொரு பாரிலிருந்தும் மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்தார். அவற்றின் முத்துக்களைக் கொழும்பு மதிப்பீட்டாளர் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என மதிப்பிட்டனர். பாரிலுள்ள சிப்பிகளின் தொகையும் இம்மதிப்பும் அரசாங்க அறிவித்தலாக வெளியிடப்பட்டு இந்தியக் கரைகளெங்கும் பரவின. குதிரையின் பழைய ஓட்டங்களைக் கூறும் ஏட்டினை இவ்வறிவித்தல் ஒத்தது. ஆயினும் ஒரே பாரின் இரு மூலைகளிலும் முத்து ஒரே அளவில் விளைவதில்லை. மாதிரி ஒரு வழிகாட்டியேயன்றி உறுதிமொழியன்று.

நள்ளிரவிற்குப் பின்னர்த் தரைக்காற்றிற் புறப்பட்ட தோணிகள் பிற்பகலிற் கடற்காற்றோடு திரும்பின. சிப்பிகள் ‘கொட்டு’ எனப்பட்ட பெரிய அடைப்புக்குட் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே குளிப்போர் தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரித்தனர். அவற்றுள் எவ்விரு குவியல் அரசாங்கத்துக்கு என்பதை அதிகாரியே தெரிந்தெடுத்தார். பிரிப்பவனுக்கு எது தன் பங்காகும் எனத் தெரியாமையால் நேர்மையாகப் பிரிப்பதே அவனுக்கு நன்மையாயிற்று. எஞ்சிய மூன்றிலொரு பங்கைக் குளிப்போர் பெற்று, கொட்டு வாயிலை விட்டு நீங்கியதும் கூடிநின்ற வணிகருக்கு விற்றனர். கையிற் சில காசே உடைய ஏழைகளும் அங்கே ஒருசில சிப்பிகளை வாங்கிக் கத்தியாற் பிளந்து தம் நற்பேற்றைச் சோதித்தனர்.

அரசாங்கத்தின் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது. வாங்குவோர் கேட்ட விலை மூடிய ஓட்டின் மீது கேட்கப்பட்டதே. பெருந்தொகையாக வாங்கிய சிப்பிகளைத் தொட்டிகளில் இட்டு அழுகவிட்டு, புழுக்கள் தசையைத் தின்றபின் கடல்நீரிற் கழுவி முத்தெடுக்க ஒரு வாரத்துக்கு மேற் சென்றது. அதற்கிடையிற் பல மாலை ஏலங்கள் முடிந்துவிடும். சிலவற்றை உடனே பிளந்து பார்த்தவரின் பேச்சும், தொட்டியிற் பெரிய ஆணிமுத்துக் கிடைத்ததென்ற வதந்தியும் அடுத்த மாலையின் விலையை ஏற்றின. வெறுஞ்சிப்பி என்ற செய்தி அதனை இறக்கிற்று. ஆகவே அனுபவமுள்ள வணிகன் முதல்நாளே தன் பணம் முழுவதையும் இடான். பல நாள்களிலும் பல பார்களிலும் பிரித்து வாங்குவான். ஓர் ஆணிமுத்தை எதிர்பார்த்துக் கடன்பட்டு வாங்கியவனுக்கு எஞ்சக்கூடியது, பெரும்பாலும், சுண்ணமாக எரிக்கப் பயன்படும் தூள்முத்தே.

இனி, குளிப்போன் வைத்த பணயம் யாது? ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சையடக்கி, கல்லின் பாரத்தோடு பல பாக ஆழத்துக்கு இறங்கியவன் வைத்தது தன் உயிரையே. கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனரென முதலாம் நூற்றாண்டின் ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கூறுவது நினைவுகூரத்தக்கது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, பத்திலொன்று மன்னனுக்கும், பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதிலொன்றும் உரியன என்றார். சுறாவைக் கட்டும் இம்மந்திரவாதிகளைக் ‘கடல்கட்டி’ என அழைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் அவர்கள் குளிப்பிடத்தில் இருந்தனர். குளிப்போனுக்கு வேறு காப்புறுதி இல்லாத காலத்தில், அப்பங்கு அவன் தன் அச்சத்துக்குச் செலுத்திய கட்டணமாயிற்று. சுறாவினுங் கொடியது நெருங்கிய குடிசை நகரின் வாந்திபேதி. அதனைக் கட்டும் மந்திரம் எவரிடமும் இருக்கவில்லை.

அரசாங்கமோ நல்ல குளிப்பில் இழப்பறியாது நின்றது. பாரை நோக்கியிருந்து காலங்குறிப்பதில் மாத்திரமே அது கடலோடு பந்தயம் வைத்தது. குளிப்புத் தொடங்கியபின் ஐயத்தை ஆயிரம் ஆயிரமாக விற்றுத் தான் காசைப் பெற்றது. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் ஏறத்தாழ ஐயாயிரம் குளிப்போர் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசாங்கத்தின் வருவாய் 25 இலட்சம் ரூபாவைத் தாண்டிற்று. இவ்வெற்றியே அடுத்த பெரும் பணயத்துக்கு வித்திட்டது. 1906இல் இலண்டனில் அமைந்த இலங்கை முத்துக்குளிப்புக் கம்பனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையில் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகையாகப் பெற்றது. விஞ்ஞான முறையிற் சிப்பியை வளர்க்கலாம் என்னும் நம்பிக்கையும் அதற்குத் துணைநின்றது. யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்ட இளம் அதிகாரி லெனாட் வூல்வ், 1906ஆம் ஆண்டுக் குளிப்பினை நேரிற் கண்டு பின்னர்த் தம் வாழ்க்கை வரலாற்றில் விரித்துரைத்தார். 1907இன் பின்னர்ப் பார்கள் வறண்டன. கடல் வாடகை அறியாது, கம்பனி முறிந்தது. வென்ற குதிரையின் மீது அடுத்த இருபது ஓட்டங்களுக்கும் முன்கூட்டியே பணங்கட்டிய புதியவனின் நிலையே அதற்கும் நேர்ந்தது.

அதன்பின் 1925இல் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. பழைய பெருமை மீளவில்லை. யப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் வளர்த்த முத்து உலகச் சந்தையை நிரப்பியபின், இயற்கை முத்தின் விலையும் தளர்ந்தது. ஆயினும் மூடிய பொருளின் மீது விலை கூறும் வழக்கம் இக்கடலை விட்டு நீங்கவில்லை. 2008இல் மன்னார்ப் படுகையின் ஒரு பகுதி எண்ணெய் தேடுவதற்காக ஒரு கம்பனிக்கு வழங்கப்பட்டது. 2011இல் எரிவாயு காணப்பட்டது. 2015இல் அக்கம்பனி வெளியேறியது. மறுபடியும் காணாத ஆழத்தின் மீது விலை வைக்கப்பட்டது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மன்னார்ச் சலாபத்திற் பங்குகொண்டோர் அனைவரும் ஒரே பந்தயத்தில் ஒரே அளவான பணயம் வைத்தவரல்லர். அரசு காலத்தை வைத்தது. வணிகன் பொருளை வைத்தான். குளிப்போன் உயிரை வைத்தான். ஊதியமோ இதன் தலைகீழ் வரிசையிற் பங்கிடப்பட்டது. நம் வரலாற்று நூல்கள் குளிப்பாண்டுகளின் வருவாயை ரூபாக் கணக்கிற் பட்டியலிட்டுள்ளன. மூழ்கி மீளாதவர்களுக்கு அத்தகைய நிரல் அவற்றில் இல்லை. இக்கரையின் வரலாற்றை எழுத முனையும் மாணவர், பந்தயத்திற்குப் புதியவன் கேட்க மறக்கும் அந்த மூன்றாம் வினாவை முதல் வினாவாகக் கொள்வாராக: எவர் வென்றாலும் இழவாதவர் யார்? எவர் வென்றாலும் இழப்பவர் யார்?