பேராசிரியப் பதவியும் பெரும்புலமையும்

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் தகுதிகாண் விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்பெறப் பட்டமேற்படிப்பு வேண்டும். பேராசிரியராதற்குக் கற்பித்தலும் ஆய்வும் புள்ளியிட்டு மதிக்கப்பெறும். இவ்வளவுகோல்கள் தோன்றுமுன், மட்டக்களப்பு வாவியின் தென்புறத்தே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இருமுறை பேராசிரியரானார். மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமான அவர் கலாநிதிப் பட்டம் பெறாதவர். எனினும் 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியர் அவரே.

அவர்தம் தலையாய ஆராய்ச்சியான யாழ்நூல் அரங்கேறியதோ 1947ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். புலமையை நம்பிப் பதவி முன்னரே அளிக்கப்பெற்றது. நூல் பின்னரே விளைந்தது.

அன்றைய முறையில் நியமிப்போரின் விருப்புவெறுப்புக்கு இடமிருந்தது. புள்ளிமுறை அதனைக் குறைக்கின்றது. ஆயினும், மெல்ல முதிரும் ஆய்வுக்குக் காத்திருக்கும் பொறுமை அம்முறைக்கும் வேண்டும். யாழ்நூலின் வரலாறு உணர்த்துவது இதுவே.