தோட்டத்து ஜீப்பும் நம் வரலாறும்

கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பும், பூசாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில்களின் அடித்தளங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பேசுவதில் நமக்குப் பெருமிதம் உண்டு; அது நியாயமானதே. ஆனால், அதே மண்ணில் நம் பாட்டனும் தந்தையும் பட்ட பாட்டுக்குச் சான்றாக நிற்கும் பொருள்களை நாம் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைக்கு விற்றுவிடுகிறோம். கல்லுக்குக் கொடுக்கும் மதிப்பை இரும்புக்குக் கொடுக்க நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

பாடாங் செராய், கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். விக்டோரியா, ஹென்றியட்டா முதலிய ரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் இவ்வட்டாரத்தின் முகமே மாறிவிட்டது. பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் தோன்றின. லயங்கள் இடிக்கப்படும்போது, தோட்டத்துக் கொட்டகைகளில் கிடந்த பழைய வண்டிகளும் அவற்றோடு மறைகின்றன. அவற்றுள் சில ஒரு காலத்தில் படைக்கு உழைத்தவை. அத்தகைய வண்டி ஒன்றை மீட்டுச் செப்பனிட முதன்முதலாக முனையும் இளைஞர் ஒருவர், தம் கையில் இருப்பது எது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் இறங்கின. மூன்று நாள்களில் கெடாவின் வடக்கே ஜித்ராவில் போர் மூண்டது. அங்கு நின்ற 11ஆவது இந்தியப் பிரிவிடம் டாங்கி ஒன்றுகூட இல்லை. ஜப்பானியரோ டாங்கிகளை முன்னே செலுத்தி, பிரதான சாலை வழியாகவே பாய்ந்து வந்தனர். டிசம்பர் 13க்குள் ஜித்ரா வீழ்ந்தது. அடுத்து குரூணும் கைவிடப்பட்டது. படைகள் மூடா ஆற்றைக் கடந்து தெற்கே பின்வாங்கின. ஜித்ராவில் ஏறத்தாழ 300 லாரிகளும் கவச வண்டிகளும் தங்களுக்குக் கிடைத்தன என ஜப்பானியப் படை அதிகாரிகளுள் ஒருவரான கர்னல் சுஜி பின்னர் எழுதினார். அவ்வாறு கிடைத்தவற்றுக்குச் 'சர்ச்சில் வழங்கிய பொருள்' என்று ஜப்பானிய வீரர்கள் கேலிப்பெயர் இட்டனராம். அந்தப் பின்வாங்கலின்போது சரணடைந்த கேப்டன் மோகன் சிங்கே இந்திய தேசிய இராணுவத்துக்கு முதல் வித்திட்டவர். அடுத்து வந்த ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் எத்தனையோ பேர்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மீண்டும் வந்தது. சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இறங்கிய வண்டிகள் பல சேற்றில் புதைந்து நின்றன. அப்படைகளுடன் வந்து மலாயா முழுவதும் பரவிய வண்டிகளுள் மக்கள் மனத்தில் நிலைத்த பெயர் 'ஜீப்' என்பதே. அமெரிக்கப் படையின் வேண்டுகோளுக்கிணங்க பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் 1940இல் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 640,000 வண்டிகளைச் செய்து குவித்தன. நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களுக்கும் இழுவிசை, 80 அங்குல அச்சிடைத் தூரம். மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதையில் மற்ற வண்டிகள் நின்றுவிடும் இடத்தில் இது ஏறிச் செல்லும். போர் முடிந்ததும் படைக்குத் தேவைப்படாத வண்டிகள் உலகெங்கும் விற்கப்பட்டுப் பொதுமக்கள் கைக்கு வந்தன.

ஜீப்பின் பயனைக் கண்டே இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் லேண்ட் ரோவரை உருவாக்கினார். அது 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அடுத்த இரு மாதங்களுக்குள் மலாயாவில் நெருப்பு பற்றியது. ஜூன் 16ஆம் நாள் பேராவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அக்காலத்தில் ஜீப்பும் லேண்ட் ரோவரும் பெரட் என்னும் சிறு கவச வண்டியும் நாட்டுச் சாலைகளின் அன்றாடக் காட்சியாயின. துரைமார் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு பொருத்திக்கொண்டனர்.

தொழிலாளிக்கு அத்தகடு இல்லை. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு நிலவியது. அடையாள அட்டை இன்றி நடமாட முடியவில்லை. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில், மரம் வெட்டச் செல்லும் தாய்மார் மதியச் சோற்றைக்கூட உடன் எடுத்துச் செல்லத் தடை இருந்தது. ஒரு பக்கம் காட்டிலிருந்து வருவோரின் மிரட்டல். மறு பக்கம் வாசலில் நிற்கும் வண்டியின் சோதனை. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் நம் கெடாவின் பாலிங்கில்தான் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். பேச்சு முறிந்தது, 1960 ஜூலை 31இல்தான் அவசரகாலம் முடிவுக்கு வந்தது.

இத்தனையும் அந்தத் துருப்பிடித்த வண்டிக்குப் பின்னால் நிற்கின்றன. ஆகவே, முதன்முறையாகச் செப்பனிட முனைபவர் சுத்தியலைத் தொடுமுன் குறிப்பேட்டைத் தொட வேண்டும். வண்டி இருக்கும் நிலையிலேயே எல்லாப் பக்கமும் படம் எடுத்தல் முதற்பணி. சட்டத்திலும் என்ஜினிலும் உள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுதல் அடுத்தது. ரேடியேட்டருக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் அது வில்லிஸ். கவிழ்த்த தொட்டி வடிவில் இருந்தால் அது போர்டு. போர்டு நிறுவனம் போல்ட்டுகளின் தலையில்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்திருந்தது. முகப்பில் ஒன்பது பிளவுகள் இருந்தால் போர்க்காலத்தது. ஏழு இருந்தால் போருக்குப்பின் பொதுமக்களுக்காகச் செய்யப்பட்ட வகை. வாங்கியதற்கான உரிமைப் பத்திரம் முறையாக உள்ளதா என்பதையும் பணம் செலவழிக்குமுன் பார்த்துவிடுதல் நன்று.

புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, இறுகிப்போன என்ஜினை உடனே மின்கலம் கொண்டு சுழற்ற முயல்வதாகும். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, பின்னர் கைப்பிடியால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பொறுமை இழந்தால் வளையங்கள் முறியும். போர்க்கால ஜீப்பின் மின்னமைப்பு 6 வோல்ட் ஆகும். அறியாமல் 12 வோல்ட் கொடுத்தால் விளக்குகளும் சுருள்களும் கருகும். ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும் என்பதால், நிறுத்து விசையின் ரப்பர்ப் பகுதிகளையும் குழாய்களையும் முழுவதும் மாற்றிய பின்னரே சாலையை நினைக்கலாம். பழைய நிறுத்து விசைப் பட்டைகளில் கல்நாரும், பழைய சாயத்தில் ஈயமும் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைச் சுவாசித்தல் ஆகாது.

நம் நாட்டு மழைக்கு ஜீப்பில் மிகவும் பலியாவது அதன் தரைத்தகடு. தரைக்கு அடியில் வலுவுக்காக வைத்த இரும்பு வாய்க்காலுக்குள் மரக்கட்டை செருகப்பட்டிருக்கும். அது நீரை உறிஞ்சி வைத்து இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். மேலே பூசிய சாயம் பளபளக்க, கீழே ஒன்றும் இராது. லேண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. போருக்குப்பின் இங்கிலாந்தில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததே அதற்குக் காரணம். அவ்வுடல் துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும். இரு உலோகங்களும் சேரும் இடத்தில் அரிப்பு விரைவாகும். ஆகவே அங்கும் அடியிலிருந்தே பார்வை தொடங்க வேண்டும்.

தொழில்நுட்பத்தைவிடக் கடினமான கேள்வி ஒன்று இறுதியில் எழுகிறது. வண்டியை எந்த ஆண்டுக்குத் திருப்புவது? பச்சைச் சாயம் அடித்து, வெள்ளை நட்சத்திரம் வரைந்து, 1944இல் தொழிற்சாலையை விட்டு வந்தது போல் நிறுத்துவதே பலருடைய ஆசை. காண அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வண்டி படையில் இருந்தது சில ஆண்டுகள். தோட்டத்தில் உழைத்தது பல ஆண்டுகளாக இருக்கலாம். பின்னால் பொருத்திய மரப்பலகை இருக்கை, பட்டறையில் ஒட்டவைத்த தகடு, தோட்ட எண் எழுதிய சாயப் படலம் ஆகியவை பழுதுகள் அல்ல, வரலாற்று ஆவணங்கள். காய்ச்சலில் கிடந்த பிள்ளையை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற வண்டி அதுவாக இருக்கலாம். தந்தையை விசாரணைக்கு அழைத்துச் சென்ற வண்டியும் அதுவாக இருக்கலாம். சாயத்தை ஒரே மூச்சில் சுரண்டி எறிந்தால், அமெரிக்காவின் வரலாறு மீளும். நம் வரலாறு குப்பைக்குப் போகும்.

ஆகவே, ஒரு மூலையிலாவது சாயப் படலங்களை அப்படியே விட்டுவைக்கலாம். கழற்றிய தோட்டத்துப் பாகங்களைப் பெயரெழுதிப் பாதுகாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வண்டியை ஓட்டியவரையும் பழுது பார்த்தவரையும், அதைக் கண்டு அஞ்சியவரையும் தேடிச் சென்று அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளலாம். என்ஜினுக்கு மாற்றுப் பாகம் இன்றும் அயல்நாட்டிலிருந்து வரவழைக்க முடிகிறது. எண்பதும் தொண்ணூறும் கடந்து நிற்கும் அந்தப் பெரியவர்களின் நினைவுக்கு மாற்றுப் பாகம் எங்கும் கிடைக்காது. வண்டியைச் செப்பனிடும் பணி பட்டறையில் தொடங்கட்டும். வரலாற்றைச் செப்பனிடும் பணி அவர்களுடைய வீட்டுத் திண்ணையில், இன்றே தொடங்க வேண்டும்.